கூடையோடு உள்ளே விடுவார்களா?

ஷெனாய் நகர் மெட்ரோ நிலையம் ஒரு பூங்காவுக்கு அடியில் இருக்கிறது. மேலே திரு.வி.க. பூங்காவில் காலை நடைக்காரர்கள் சுற்றிவருவார்கள். அவர்கள் காலுக்குக் கீழே ரயில் வந்து நின்று புறப்பட்டுப் போகும். மேலே இருப்பவர்களுக்கு அது தெரியவே தெரியாது. 2017 மே 14 அன்று திருமங்கலத்திலிருந்து நேரு பூங்கா வரை தமிழ்நாட்டின் முதல் சுரங்க ரயில் பாதை திறக்கப்பட்டபோது, அதிலிருந்த ஏழு நிலையங்களில் இதுவும் ஒன்று. கொல்கத்தாவில் 1984லேயே நிலத்துக்கடியில் ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. நமக்கு வந்துசேர இன்னும் முப்பத்துமூன்று வருடம் பிடித்தது.

இந்த நிலையத்தின் பொறியியலைப் பாராட்ட ஆட்கள் இருக்கிறார்கள். நானும் இடையில் கொஞ்சம் பாராட்டுவேன். ஆனால் எனக்குள்ள கேள்வி வேறு. ஒரு கட்டடத்தை வரைகிறவர் முதலில் ஓர் ஆளைக் கற்பனை செய்துகொள்கிறார். அந்த ஆள் எவ்வளவு உயரம், எவ்வளவு வேகமாக நடப்பார், கையில் என்ன வைத்திருப்பார், கூட யார் வருவார்கள் என்றெல்லாம் முடிவு செய்துகொண்ட பிறகுதான் படிக்கட்டின் அகலமும் கதவின் அளவும் தீர்மானமாகின்றன. ஷெனாய் நகர் நிலையத்தில் அப்படிக் கற்பனை செய்யப்பட்ட ஆள் யார்?

நான் உத்திரமேரூரில் இருக்கிறேன். எங்கள் ஊருக்கு ரயிலே கிடையாது. செங்கல்பட்டுக்குப் பேருந்தில் போய், அங்கிருந்து கடற்கரை போகும் மின்சார ரயிலில் ஏறி எழும்பூரில் இறங்கி, அங்கே பூமிக்குள் இறங்க வேண்டும். நேரு பூங்கா, கீழ்ப்பாக்கம், பச்சையப்பன் கல்லூரி, அடுத்தது ஷெனாய் நகர். என் மகள் அந்தப் பக்கம் ஒரு விடுதியில் தங்கிப் படித்த மூன்று வருடமும் மாதத்துக்கு ஒரு தடவையாவது இப்படிப் போய்வந்தேன். ஒரே நாளில் பேருந்து, மின்சார ரயில், மெட்ரோ என்று மூன்று வண்டி. ஒன்றில் உட்கார்ந்துகொண்டு மற்றொன்றை நினைக்காமல் இருக்க முடியாது. இந்தக் கட்டுரையில் உள்ள ஒப்பீடெல்லாம் அப்படி வந்ததுதான்.

முதலில் அந்த இடத்தைப் பற்றி. சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த ஜே.பி.எல். ஷெனாய் பெயரில் அமைந்த குடியிருப்பு ஷெனாய் நகர். அதற்கு மேற்கே அண்ணா நகர். 1968இல் உலக வர்த்தகக் கண்காட்சி நடந்த இடத்தைச் சுற்றி எழுந்த நகர் அது. அதற்கு முன் அங்கே நடுவக்கரை, முல்லம் என்ற கிராமங்கள் இருந்தன. இன்று நகரத்தின் நடுவே இருப்பதுபோல் தோன்றும் இந்தப் பகுதி, ஒரு தலைமுறைக்கு முன் சென்னையின் விளிம்பு. அகலமான சாலை, மனைக்கு மனை மரம், வாசலில் கார் என்று திட்டமிட்டுப் பிரித்த புறநகர். மெட்ரோ இங்கே ஏன் பூமிக்குள் போயிற்று, வடபழனிப் பக்கம் ஏன் தூண்மேல் போகிறது என்று யோசித்தால் சாலையின் அகலம், நெரிசல் என்று காரணம் சொல்வார்கள். இருக்கட்டும். தலைக்கு மேல் கான்கிரீட் பாலம் ஓடினால் ஒரு தெரு என்ன ஆகும் என்று பார்த்தவர்களுக்கு, பூமிக்குள் போவது எவ்வளவு பெரிய சலுகை என்பது தெரியும்.

இரண்டு நிலையங்களுக்கு நடுவிலுள்ள சுரங்கத்தை எந்திரம் குடைந்துகொண்டு போகும். நிலையத்தை அப்படிக் குடைய முடியாது. அதற்கு மண்ணைத் திறக்க வேண்டும். முதலில் சுற்றிலும் ஆழமாகப் பள்ளம் வெட்டி, இரும்புக் கம்பிக் கூடுகளை இறக்கி, கான்கிரீட் ஊற்றிச் சுவர் எழுப்புவார்கள். பிறகு மேலே கூரையைப் போட்டுவிட்டு, அந்தக் கூரைக்கு அடியிலிருந்து மண்ணை அள்ளிக்கொண்டே கீழே போவார்கள். நாம் வீடு கட்டுவதற்கு நேர் தலைகீழ்: கூரை முதலில், தரை கடைசியில். இந்தப் பகுதியைக் கட்டியது ஒரு ரஷ்ய நிறுவனமும் ஒரு இந்திய நிறுவனமும் சேர்ந்த கூட்டணி. கடன் கொடுத்தது ஜப்பான். எல்லாம் சரி. ஆனால் மண்ணைத் திறக்க ஓர் இடம் வேண்டுமே. வீடுகளை இடிப்பதைவிடப் பூங்காவை மூடுவது சுலபம். 2011இல் திரு.வி.க. பூங்கா மூடப்பட்டது. ரயில் ஓடத் தொடங்கி ஆறு வருடம் கழித்து, 2023இல்தான் அது மறுபடி திறந்தது.

பன்னிரண்டு வருடம். பூங்கா மூடியபோது எட்டு வயதாக இருந்த ஒரு பெண்குழந்தை, அது திறந்தபோது இருபது வயதுப் பெண். ஊஞ்சல் ஆடவேண்டிய வயது முழுக்க அவளுக்குத் தகர வேலிதான். ஆண்பிள்ளைகள் கிரிக்கெட் ஆடத் தெருமுனையையோ காலி மனையையோ தேடிக்கொள்வார்கள், தேடிக்கொண்டார்கள். பெண்பிள்ளைகளுக்கும் நடுத்தர வயதுப் பெண்களுக்கும் வெளியே வந்து சும்மா நடக்க, கேள்வி கேட்கப்படாமல் உட்கார, சுற்றுச்சுவரும் வெளிச்சமும் உள்ள பூங்காவை விட்டால் வேறு இடம் ஏது? ஒரு திட்டத்தின் செலவைக் கோடிகளில் எழுதுகிறவர்கள் இந்தப் பன்னிரண்டு வருடத்தை எந்தக் கணக்கில் எழுதுவார்கள் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும். திரும்பக் கிடைத்ததும் பழைய பூங்கா இல்லை. நிலையத்தின் கூரைமேல் மண்ணைப் பரப்பி மரம் வைத்தால், அந்த மரத்தின் வேர் ஓரளவுக்கு மேல் கீழே போக முடியாது. மொட்டைமாடித் தொட்டியில் வைத்த செடியின் கதைதான், தொட்டி கொஞ்சம் பெரிது.

பூங்காவின் பெயரையும் சும்மா கடந்துபோக மனம் வரவில்லை. திரு.வி.க. எங்கள் பழைய செங்கல்பட்டு ஜில்லாவில் துள்ளம் கிராமத்தில் பிறந்தவர். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது முன்னால் நின்றவர்களில் ஒருவர். 1927இல் ‘பெண்ணின் பெருமை’ எழுதினார். தாய்மையை உச்சியில் வைத்துப் பெண்ணைப் போற்றும் நூல் அது. அந்தக் காலத்துக்கு அது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் போற்றப்படுகிற பெண்ணுக்குக் கால் வலித்தால் எங்கே உட்காருவாள் என்பது அந்த மாதிரி நூல்களில் வருவதில்லை. அவர் பெயரில் உள்ள பூங்காவுக்குக் கீழே உள்ள நிலையமும் இந்த விஷயத்தில் அவர் வழியிலேயே போகிறது என்பேன். பெண்களுக்கு மரியாதை உண்டு. உட்காரும் இடம் குறைவு.

சரி, இதைக் கட்டியவர்கள்? எங்கள் தாலுகாவில் கல்குவாரிகள் நிறைய. ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர் லாரிகள் ராத்திரி பகலாகச் சென்னைப் பக்கம் போய்க்கொண்டிருக்கும். அந்தத் தூசியைத் துடைப்பதே எங்கள் வீட்டுப் பெண்களுக்கு ஒரு வேலை. சென்னையில் எழும்புகிற எந்தக் கான்கிரீட்டிலும் எங்கள் ஊர்க் குன்று கொஞ்சம் கலந்திருக்கும் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். எங்கள் ஊர்ப் பெண்களும் கட்டட வேலைக்குப் போகிறார்கள், சித்தாளாக. கலவைச் சட்டியைத் தலையில் தூக்குகிறவளுக்கு வயது ஏறினாலும் பதவி ஏறாது. கொத்தனாராக ஆன பெண்ணை நான் பார்த்ததில்லை. சுரங்க நிலையத்தில் கான்கிரீட்டைக் குழாய் வழியாகப் பம்பு வைத்து ஊற்றுகிறார்கள். சட்டிக்கு வேலை இல்லை. தலைச்சுமை ஒழிந்தது நல்லதுதான். ஆனால் சட்டி போன இடத்தில் எந்திரம் வந்தபோது, எந்திரத்தின் பக்கத்தில் நிற்கிற வேலை அந்தப் பெண்ணுக்கு வரவில்லை. 2015 ஜூன் 29 அன்று கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூருக்குச் சென்னையின் முதல் மெட்ரோ ரயிலை ஓட்டியது ஒரு இளம்பெண். பத்திரிகைகள் அவர் படத்தை முதல் பக்கத்தில் போட்டன. எனக்கும் கண் நிறைந்தது. ஓட்டுநர் இருக்கையில் ஒரு பெண் உட்கார்ந்த அதே வருடம் பள்ளத்தில் எத்தனை பெண்கள் என்ன கூலிக்கு நின்றார்கள் என்று யாரும் படம் போடவில்லை.

நிலத்தடிக்கும் பெண்ணுக்கும் உள்ள சம்பந்தம் பழையது, விசித்திரமானது. 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் பெண்ணை நிலத்துக்குக் கீழே வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. 1935இல் வந்த சர்வதேசத் தொழிலாளர் உடன்படிக்கையும் அதையே சொன்னது. பாதுகாப்பு என்பதுதான் காரணம். ஆனால் இரண்டாம் உலகப் போரில் நிலக்கரி போதாமல் போனபோது, 1943இல் பிரிட்டிஷ் இந்திய அரசு அந்தத் தடையை எடுத்துவிட்டுப் பெண்களைச் சுரங்கத்துக்குள் அனுப்பியது. போர் முடிந்ததும் 1946இல் தடை திரும்பி வந்தது. மூன்று வருடத்துக்கு மட்டும் பெண் உடம்பு பலம் பெற்றிருந்தது போலிருக்கிறது. 2019இல்தான், அதுவும் மேற்பார்வை, தொழில்நுட்பம், நிர்வாகம் ஆகிய வேலைகளுக்கு, நிபந்தனைகளோடு கதவு கொஞ்சம் திறந்தது. மெட்ரோச் சுரங்கம் அந்தச் சட்டத்தின் கீழ் வருகிற சுரங்கம் இல்லைதான். ஆனால் பூமிக்குள் போகும் வேலை ஆண் வேலை என்ற நினைப்பு சட்டத்தோடு பிறந்ததும் இல்லை, சட்டத்தோடு நிற்பதும் இல்லை.

இதே கதை லண்டனிலும் நடந்திருக்கிறது, அதுவும் ஒரு புறநகர்ச் சுரங்க நிலையத்தில். ஈழத்தமிழர்கள் நிறையப் பேர் வாழும் கிழக்கு லண்டனின் இல்ஃபோர்டில் கான்ட்ஸ் ஹில் என்ற நிலையம் இருக்கிறது. சார்ல்ஸ் ஹோல்டன் வடிவமைத்தது. மாஸ்கோ மெட்ரோவைப் பார்த்து, நடைமேடைகளுக்கு நடுவே உயர்ந்த வளைகூரை போட்ட அழகான கூடம். கட்டடக்கலை எழுதுகிறவர்கள் அந்தக் கூரையைப் பற்றித்தான் எழுதுவார்கள். நிலையம் 1947 டிசம்பரில் திறந்தது. ஆனால் பயணிகளுக்கு முன்பே அந்தச் சுரங்கத்தை வேறு ஆட்கள் பயன்படுத்தியிருந்தார்கள். போர் காரணமாகத் தண்டவாளம் போடாமல் நின்றுபோன சுரங்கத்துக்குள், 1942 முதல் 1945 வரை பிளெஸ்ஸி நிறுவனம் விமான உதிரிப்பாகத் தொழிற்சாலை நடத்தியது. சுமார் 2000 பேர் வேலை செய்தார்கள். பெரும்பாலும் பெண்கள். குண்டு விழாத ஆழத்தில், வெயில் படாமல், நாள் முழுவதும். போர் முடிந்தது, எந்திரங்களைத் தூக்கினார்கள், பெண்களை வீட்டுக்கு அனுப்பினார்கள், தண்டவாளம் வந்தது. பாருங்கள், அந்தக் கூரை யாருடைய பெயரையும் சொல்லவில்லை, ஹோல்டன் பெயரைத் தவிர. அவருக்கு முன்மாதிரியான மாஸ்கோவில், 1930களில் சுரங்கம் தோண்டியவர்களில் கணிசமானோர் பெண்கள் என்பதும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டியது.

இப்போது ஷெனாய் நகர் நிலையத்துக்குள் இறங்குவோம். செங்கல்பட்டு ரயிலில் நெருக்கியடித்து நின்றுவிட்டு எழும்பூரில் மெட்ரோவுக்குள் இறங்குகிற பெண்ணுக்கு முதலில் தோன்றுவது நிம்மதி. குளிர்ந்த காற்று. வழுக்காத, ஈரமில்லாத தரை. மூலைமுடுக்கெல்லாம் வெளிச்சம். யாரும் உரசவில்லை. நகரும் படிக்கட்டு, மின்தூக்கி, பார்வையற்றவர்கள் காலால் தடவிப் போகப் புடைத்த மஞ்சள் பட்டை. மின்தூக்கி எங்கே என்று தேடி ஒருநாளும் நான் அலைந்ததில்லை. இதை எல்லாம் எழுதாமல் குறை மட்டும் எழுதினால் அது விமர்சனம் ஆகாது.

நடைமேடையில் கண்ணாடிச் சுவர். ரயில் வந்து நின்ற பிறகு சுவரில் கதவு திறக்கும். குளிர் வெளியே போகாமல் இருக்கவும் யாரும் தண்டவாளத்தில் விழாமல் இருக்கவும் அந்த ஏற்பாடு. இந்தக் கண்ணாடியை ஒரு பெண் பார்ப்பதும் ஆண் பார்ப்பதும் ஒன்றாக இருக்காது. 2016 ஜூன் 24 காலை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் வேலைக்குப் போக நின்றிருந்த இளம்பெண்ணை நடைமேடையிலேயே வெட்டிக் கொன்றார்கள். அந்த நிலையத்தில் ஒரு கண்காணிப்புக் கேமராகூட இருக்கவில்லை. 2022 அக்டோபரில் பரங்கிமலை நிலையத்தில், பின்தொடர்ந்து தொல்லை கொடுத்துவந்தவன் ஒரு கல்லூரி மாணவியை வந்துகொண்டிருந்த ரயிலுக்கு முன்னால் தள்ளிவிட்டான். அந்தச் செய்தி வந்த வாரம் என் மகள் தொலைபேசியில், “அம்மா, நீ மெட்ரோலயே வா, கண்ணாடி இருக்கு” என்றாள். அவள் என்னைப் பற்றிச் சொன்னாளா, தன்னைப் பற்றிச் சொன்னாளா? இரண்டும்தான். ஆகவே கண்ணாடிச் சுவரை எதிர்த்து நான் ஒரு வார்த்தை எழுத மாட்டேன். என் கேள்வி, அந்தப் பாதுகாப்பு யாருக்கு, என்ன நிபந்தனையில் கிடைக்கிறது என்பதுதான்.

எங்கள் தெருவில் கீரை விற்கிற அக்கா ஒருவர் இருக்கிறார். அவர் தங்கச்சி செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் மாம்பலம் பக்கம் போய்ப் பூ விற்றுவிட்டு வருகிறவர். நான் மெட்ரோவைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது அக்கா கேட்டது ஒரே கேள்வி: “கூடையோட உள்ள விடுவாங்களா?”

பதில் சட்டத்தில் இருக்கிறது. டெல்லிக்காக 2002இல் இயற்றி, 2009 திருத்தத்தால் மற்ற பெருநகரங்களுக்கும் விரித்த மெட்ரோ ரயில் சட்டம், பயணி தன் சொந்தப் பொருட்கள் அடங்கிய சிறு மூட்டையைத் தவிர வேறு சரக்கு எதையும் கொண்டுவரக் கூடாது என்கிறது. சிறு மூட்டை, சொந்தப் பொருள். என் கைப்பையிலுள்ள மடிக்கணினி என் பிழைப்புக்கான கருவி, ஆனால் அது சொந்தப் பொருள். பூக்காரியின் கூடை அவள் பிழைப்புக்கான கருவி, ஆனால் அது சரக்கு. இந்த வேறுபாட்டை எடையும் அளவும் மட்டும் தீர்மானிக்கவில்லை. யாருடைய உழைப்பு பைக்குள் மடங்குகிறதோ அவர் பயணி. யாருடைய உழைப்பு இலையும் ஈரமும் வாசனையுமாக வெளியே தெரிகிறதோ அவர் வியாபாரி. வெள்ளைக்காரன் காலத்தில், 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடத் தொடங்கிய மின்சார ரயிலின் வழிவந்த இன்றைய புறநகர் ரயிலில், வியாபாரிகளுக்கென்றே ஒரு பெட்டி இருக்கிறது. அது நாறும், நெரியும், ஆனால் இருக்கிறது. எண்பது வருடம் கழித்து வந்த மெட்ரோ, குளிர்சாதனத்தோடும் கண்ணாடியோடும் வந்த மெட்ரோ, அந்தப் பெட்டியை மட்டும் கொண்டுவர மறந்துவிட்டது. ஆக, காய்கறிக் கூடைக்காரிக்கு இடம் இருக்கும் ரயிலில் பாதுகாப்பு இல்லை. பாதுகாப்பு இருக்கும் ரயிலில் கூடைக்கு இடம் இல்லை.

பேருந்து மட்டும் சொர்க்கமா என்றால், இல்லை. 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுத் திரும்பிய மூதாட்டியை, வாசம் வருகிறது என்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டது நாடே பார்த்த காட்சி. ஆனால் அங்கே இறக்கிவிட்டது ஓர் ஆள். அவரோடு சண்டை போடலாம், அந்த மூதாட்டி போட்டார். நடத்துநர் “லக்கேஜ் போடணும்” என்பார், “அரை கூடைதானேப்பா” என்று எங்கள் ஊர்ப் பெண்கள் பேரம் பேசுவார்கள், பாதி நாள் ஜெயிப்பார்கள். மெட்ரோவின் நுழைவுக் கதவோடு பேரம் பேச முடியாது. அட்டையைத் தொட்டால் திறக்கும், இல்லாவிட்டால் திறக்காது. கீரை அக்கா இதுவரை மெட்ரோ பக்கம் போனதில்லை. அவரை யாரும் தடுத்ததும் இல்லை. தடுக்க வேண்டிய அவசியமே வராத அளவுக்கு அந்த இடம் தன்னைப் பற்றித் தானே சொல்லிவிடுகிறது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இப்படிப்பட்ட கட்டடம் புதிது இல்லை. வைகுண்டப் பெருமாள் கோயிலின் கல்வெட்டுகளைப் பற்றித் தெரியாதவர்கள் இப்போது குறைவு. 919லும் 921லும் பராந்தக சோழன் காலத்தில் பொறித்தவை. முப்பது குடும்புகள், பானைக்குள் ஓலை, ஒரு சிறுவன் எடுத்துக்கொடுக்கும் பெயர், ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று ஜனநாயகத்தின் தாய்வீடாக உத்திரமேரூரைச் சொல்லாத மேடை இல்லை. அதே கல்லில் தகுதியும் எழுதியிருக்கிறது: கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது, வேதப் படிப்பு. பெண்ணுக்கு அனுமதி இல்லை என்று தனியாக ஒரு வரி எழுத வேண்டியிருக்கவில்லை. தகுதியை எழுதியதே போதும். ஏரியில் தண்ணீர் மொண்டவள் அவள், ஏரி வாரியத்தில் அவளுக்கு ஓலை இல்லை. சுவர் முழுக்க எழுத்து இருக்கும் அந்த மண்டபத்தின் பக்கத்திலேயே வளர்ந்ததாலோ என்னவோ, எந்தப் பொதுக் கட்டடத்துக்குள் போனாலும் இதில் தகுதி எங்கே பொறித்திருக்கிறது என்று என் கண் தேடும். மெட்ரோவில் அது கதவின் அகலத்தில் இருக்கிறது. கட்டணத்திலும் இருக்கிறது.

கட்டணம் 10 ரூபாயில் தொடங்கி 50 வரை போகிறது. 2021 பிப்ரவரி வரை உச்சம் 70ஆக இருந்தது. அதே 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அது எங்கள் பக்கத்துப் பெண்களின் வாழ்க்கையில் என்ன செய்தது என்று பக்கம் பக்கமாக எழுதலாம். கணவனிடம் பேருந்துக் காசு கேட்க வேண்டாம் என்பதே ஒரு புரட்சி. டெல்லியில் 2019 ஜூனில் பேருந்தோடு சேர்த்து மெட்ரோவிலும் பெண்களுக்கு இலவசம் என்று அறிவித்தார்கள். மெட்ரோவின் சிற்பி என்று போற்றப்படும் ஸ்ரீதரன் உடனே பிரதமருக்குக் கடிதம் எழுதி எதிர்த்தார். பேருந்து இலவசமானது. மெட்ரோ ஆகவில்லை. சென்னையில் அந்தப் பேச்சே எழவில்லை. இங்கே வந்தது வேறு: இரட்டைக் கட்டணம் வாங்கிய சிறப்பு வகுப்புப் பகுதியை 2020 நவம்பரில் பெண்களுக்கான பகுதியாக மாற்றினார்கள். முதல் வகுப்பில் ஆள் ஏறவில்லை, பெண்களுக்குக் கொடுத்தார்கள் என்று கேலியாகச் சொல்லலாம். நான் அதில் பலமுறை உட்கார்ந்து வந்திருக்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறது.

நிலையத்தில் எனக்கு அதிகம் உறுத்துவது வேறொன்று. அங்கே எல்லாமே நகர்வதற்காக இருக்கிறது. நிற்பதற்காக எதுவும் இல்லை. மகள் வகுப்பு முடிந்து வரும் வரை காத்திருக்கிற நாட்களில், மேலே பூங்கா மூடிக் கிடந்த காலத்தில், நான் எங்கே இருப்பது? டிக்கெட் எடுக்கும் கூடம் விசாலமானது, பளபளப்பானது, காலியானது. அந்தக் காலியைப் பார்த்தால் ஓர் ஓரமாக உட்காரலாம் போல இருக்கும். ஆனால் உட்காரும் ஆளைக் கற்பனை செய்து அந்தக் கூடம் வரையப்படவில்லை. பத்து நிமிடத்துக்கு மேல் ஒரே இடத்தில் நின்றால் நாமே நம்மைச் சந்தேகப்பட ஆரம்பித்துவிடுவோம். மும்பையைப் பற்றி ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011இல் எழுதிய ‘வொய் லாய்ட்டர்?’ என்ற நூல் இதைத்தான் பேசியது. பொதுவெளியில் பெண் எப்போதும் ஒரு காரணத்தோடு இருக்க வேண்டியிருக்கிறது. காரணமில்லாமல் சும்மா இருக்கும் உரிமையைக் கேட்காமல் பாதுகாப்பை மட்டும் கேட்டால், அந்தப் பாதுகாப்பு நம்மை வீட்டுக்குத்தான் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பது அவர்கள் வாதம். நான் அதோடு ஒன்றைச் சேர்ப்பேன். எங்கள் ஊர்ப் பெண்கள் சும்மா இருப்பதும் வேலையாக இருப்பதும் தனித்தனி இல்லை. செங்கல்பட்டு நடைமேடையில் தரையில் உட்கார்ந்து, முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே, மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டே, ரயிலுக்குக் காத்திருக்கிறவள் ஓய்வில் இருக்கிறாளா வேலையில் இருக்கிறாளா? அந்த அரைமணி நேரத்தை வைத்துக்கொள்ள அவளுக்கு ஒரு தரை வேண்டும். அந்தத் தரை அழுக்காக இருக்கிறது, அதில் கேமரா இல்லை, ராத்திரி எட்டு மணிக்கு மேல் பயம். சுத்தமும் வெளிச்சமும் கேமராவும் உள்ள தரையில் முருங்கைக்கீரைக்கு அனுமதி இல்லை. வடிவமைப்பின் தோல்வி என்று நான் சொல்வது இதைத்தான்.

இன்னொரு சின்ன மனக்குறை: நேரு பூங்காவில் இறங்கினாலும் அண்ணா நகர் கிழக்கில் இறங்கினாலும் ஷெனாய் நகரில் இறங்கினாலும் உள்ளே ஒரே சுவர், ஒரே கல், ஒரே விளக்கு. பெயர்ப் பலகையைப் படிக்கத் தெரியாத பாட்டி எதைப் பார்த்து இறங்குவாள்? மின்சார ரயிலில் அவள் சைதாப்பேட்டையை ஆற்றை வைத்தும், மாம்பலத்தைக் கூட்டத்தை வைத்தும் அடையாளம் வைத்திருப்பாள். சுரங்கத்தில் அறிவிப்புக் குரலைத்தான் நம்ப வேண்டும். தலைக்கு மேல் பூங்கா இருக்கும் ஒரு நிலையத்தில், ஒரே ஒரு இடத்தில் கூரையைத் திறந்து ஒரு மரத்தின் வெளிச்சத்தைக் கீழே விட்டிருந்தால் போதும், “மரம் தெரியற ஸ்டேஷன்” என்று எழுத்தறியாத பாட்டிகளும் சொல்லியிருப்பார்கள்.

இதெல்லாம் முடிந்துபோன கட்டடத்தைப் பற்றிய புலம்பல் என்று யாராவது நினைக்கலாம். முடியவில்லை. பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வழியாகப் பரந்தூர் வரை மெட்ரோவை நீட்டும் திட்டம் இருக்கிறது. எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குள் மெட்ரோ வரும் என்றால் இப்படித்தான் வரும், விமானம் பிடிக்கப் போகிறவர்களுக்காக. அந்த விமான நிலையம் வேண்டாம் என்று ஏகனாபுரத்தில் 2022இலிருந்து போராடுகிறவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்பதை அந்தப் பக்கம் ஒரு சாயங்காலம் போனவர்கள் சொல்வார்கள். அது தனிக் கட்டுரை. இங்கே எனக்கு வேண்டியது அந்தப் பாதையின் நடுவில் உள்ள ஊர்கள். ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலை செய்கிற ஆயிரக்கணக்கான இளம்பெண்களைக் கம்பெனிப் பேருந்துகள் விடுதியிலிருந்தும் கிராமத்திலிருந்தும் ஏற்றிப்போய் இறக்கிவிடுகின்றன. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து நிற்கிற பெண்கள். அவர்கள் வேலைக்குப் போகும் வழியில் நிலையங்கள் வரப்போகின்றன. கை வீசி நடக்கிற, பெட்டியை உருட்டிக்கொண்டு வருகிற விமானப் பயணியைக் கற்பனை செய்து அந்த நிலையங்களை வரையப்போகிறார்களா, ராத்திரி ஷிப்டு முடிந்து தூக்கக் கலக்கத்தில் வருகிற இருபது வயதுப் பெண்ணையா, சுங்குவார்சத்திரத்தில் காய் ஏற்றுகிற பெண்ணையா?

கீரை அக்காவிடம் இதைச் சொன்னேன். நிலையம் வரைகிறவர்கள் உங்களிடம் வந்து கேட்டால் என்ன கேட்பீர்கள் என்றேன். அவர் யோசிக்கவே இல்லை. இடுப்புயரத்துக்கு ஒரு திண்ணை வேண்டும் என்றார். தரையில் இறக்கி வைத்தால் மறுபடி தலைக்குத் தூக்க இன்னொரு ஆள் வேண்டும், இடுப்புயரத் திண்ணை இருந்தால் தானே இறக்கித் தானே ஏற்றிக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் சாலையோரம் சுமைதாங்கிக் கல் நட்டிருப்பார்களே, அதுமாதிரி. பிள்ளைபெறாமல் இறந்துபோன கர்ப்பிணிகளின் நினைவாக நடுகிற கல். எங்கள் பக்கத்தில் ஒன்றிரண்டு சாய்ந்து கிடக்கின்றன. “அத்த மட்டும் வெச்சாப் போதும்” என்றவர், கொஞ்சம் பொறுத்து, “கதவு ரெண்டு மொழம் அகலம் இருக்கணும்” என்றார். தன் கையால் கூடையின் வாயை அளந்து காட்டினார். ஒன்றே முக்கால் முழம் வந்தது.